முள்ளோடையைத் தாண்டும் பேருந்து: குடியை விட நினைக்கும் கிறிஸ்தவ மாணவர்களுக்கு

கடலூரிலிருந்து புதுச்சேரிக்கு ஏறத்தாழ 22 கிலோமீட்டர். பெண்ணையாற்றுப் பாலத்தைத் தாண்டிக் கொஞ்ச தூரம் போனால் முள்ளோடை. அங்கேதான் புதுச்சேரி எல்லை தொடங்குகிறது, மதுக்கடைகளும் தொடங்குகின்றன. தமிழ்நாட்டில் மது வாங்க 21 வயது நிரம்பியிருக்க வேண்டும். புதுச்சேரியில் 18 போதும், விலையும் குறைவு. கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்து தினமும் புதுச்சேரிக்குப் படிக்கப் போன நான், முதல் ஆண்டில் நண்பர்களோடு அந்த நிறுத்தத்தில் இறங்கிப் பழகினேன். மூன்றாம் ஆண்டில் அங்கே இறங்காமல் வீட்டுக்குப் போகவே முடியாது என்றாகிவிட்டது. சனிக்கிழமை இரவு குடித்துவிட்டு ஞாயிறு காலை பாடகர் குழுவில் நின்று பாடியிருக்கிறேன். அந்த நாட்களில் என் ஜெபம் பொய் என்று யாராவது சொன்னால் இப்போதும் ஒத்துக்கொள்ள மாட்டேன். அழுதுதான் ஜெபித்தேன். ஆனால் அடுத்து என்ன செய்வது என்று யாரும் சொல்லித் தரவில்லை.

இப்போது வாலிபர் ஐக்கியத்துத் தம்பிகள் யாராவது போன் செய்வார்கள். "அண்ணா, நான் விடணும். எங்கே ஆரம்பிக்கிறது?" என்று கேட்பார்கள். அவர்களுக்குப் போனில் சொல்வதைத்தான் இங்கே வரிசையாக எழுதுகிறேன். நான் அறிந்தது குடி. கஞ்சாவோ, மாத்திரையோ, போனில் ஓடும் ஆபாசப் படமோ உங்கள் பிரச்சினை என்றால் மருத்துவப் பகுதி மாறும். மற்றதில் பெரும்பகுதி உங்களுக்கும் பொருந்தும்.

முதலில் உடம்பு, அப்புறம் தீர்மானம்

நற்செய்திக் கூட்டம் முடிந்து வந்த இரவிலேயே பாட்டிலை உடைத்துவிட்டு "இனி ஒரு சொட்டு கிடையாது" என்று முடிவெடுக்கத் தோன்றும். வாரத்துக்கு ஒரு நாள் குடிப்பவர் என்றால் சரி, உடையுங்கள். தினமும் குடிப்பவர் என்றால் அவசரப்படாதீர்கள். தினக்குடியைத் திடீரென்று நிறுத்துவது உயிருக்கே ஆபத்தாகலாம்.

காலையில் கை நடுங்குகிறதா? ஒரு மடக்கு உள்ளே போனால்தான் நடுக்கம் நிற்கிறதா? அப்படியானால் உடம்பு மதுவுக்குப் பழகிவிட்டது. கடைசியாகக் குடித்த 6 முதல் 24 மணி நேரத்துக்குள் நடுக்கம், வியர்வை, வாந்தி, படபடப்பு வரும். முதல் இரண்டு நாட்களுக்குள் சிலருக்கு வலிப்பு வரும். இரண்டு முதல் நான்கு நாட்களுக்குள் சிலருக்குக் காய்ச்சலும் மனக்குழப்பமும் சேர்ந்து வரும். இல்லாத ஆட்கள் தெரிவார்கள், இல்லாத குரல் கேட்கும். இதைப் பார்த்துவிட்டுப் பிசாசு பிடித்திருக்கிறது என்று ஜெபத்துக்குத் தூக்கிப் போனவர்கள் உண்டு. வலிப்போ குழப்பமோ வந்தால் 108-ஐ அழையுங்கள். ஜெபம் பண்ணுகிறவர் ஆம்புலன்சில் கூடவே உட்கார்ந்து பண்ணட்டும்.

புதுச்சேரியில் இருப்பவர்கள் கோரிமேட்டில் உள்ள ஜிப்மருக்குப் போய் மனநலத் துறையில் குடிபோதை சிகிச்சை வேண்டும் என்று கேளுங்கள். கூட்டம் இருக்கும், காலையிலேயே போய்விடுங்கள். கடலூர்க்காரர்கள் அரசு தலைமை மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குப் போகலாம். வெளியே கிளம்பவே பயமாக இருந்தால் முதலில் போன் செய்யுங்கள். போதை மீட்புக்கான தேசிய உதவி எண் 14446. மனநலத்துக்கான டெலி மானஸ் எண் 14416, இரவு பகல் எந்நேரமும் பேசலாம். சாகத் தோன்றுகிறது என்றால் இந்தக் கட்டுரையை இத்தோடு மூடிவிட்டு இப்போதே 14416-க்குப் பேசுங்கள். மீதியை நாளைக்குப் படித்துக்கொள்ளலாம்.

மருத்துவரிடம் அளவைக் குறைத்துச் சொல்லாதீர்கள். நான் "எப்பவாவது ஒரு பியர்" என்றேன். அவர் என்னைத் திட்டவில்லை. "ரெண்டு கையையும் நீட்டுப்பா, விரலை விரி" என்றார். என் விரல்கள் அவர் மேசைக்கு மேலே ஆடிக்கொண்டிருந்தன. இருவரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம். பிறகு உண்மையைச் சொன்னேன். சொன்ன அளவை வைத்துத்தான் நடுக்கத்துக்கான மாத்திரை எத்தனை நாளைக்கு, எப்படிக் குறைப்பது என்று முடிவு செய்வார்கள். பி1 வைட்டமினும் தருவார்கள்; மூளைக்கு அது மிக முக்கியம், பாதியில் நிறுத்தாதீர்கள்.

கல்லூரிக்குத் தெரிந்துவிடுமோ என்று பயப்படுகிறீர்களா? 2017-ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம் உங்கள் சிகிச்சை விவரங்களை ரகசியமாக வைத்திருக்கும் உரிமையைத் தருகிறது. வருகைப் பதிவு குறைந்து சான்றிதழ் தேவைப்பட்டால், நோயின் பெயரைக் குறிப்பிடாமல் "சிகிச்சையில் இருந்தார்" என்று மட்டும் எழுதித் தர முடியுமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். கேட்பதில் தவறே இல்லை.

பெற்றோருக்கும் இரண்டு விஷயம். குடித்தால் வாந்தி வரவைக்கும் டைசல்ஃபிரம் மாத்திரையைப் பிள்ளைக்குத் தெரியாமல் சாம்பாரில் கலந்து கொடுக்காதீர்கள். அது தெரியாமல் அவன் குடித்தால் இரத்த அழுத்தம் சட்டென்று இறங்கி உயிரே போகலாம். அடுத்து, மகனை எந்த இல்லத்தில் சேர்ப்பதாக இருந்தாலும், "ஜெபத்தாலேயே குணமாக்குகிறோம்" என்று சொல்லும் இல்லமானாலும், பதிவுச் சான்றிதழைக் கேளுங்கள். சங்கிலியில் கட்டிவைப்பதை அதே 2017 சட்டம் தடை செய்கிறது. மருந்து எடுத்தால் விசுவாசக் குறைவு என்று யாராவது சொன்னால், நற்செய்தி எழுதிய லூக்காவே வைத்தியர்தான் என்று ஞாபகப்படுத்துங்கள்.

"லெந்து நாட்களில் விட்டேனே"

நமக்குள் மட்டும் இருக்கும் ஓர் ஏமாற்று இது, வெளியாருக்குப் புரியாது. உயிர்த்தெழுந்த ஞாயிறுக்கு முந்தைய லெந்து நாட்கள் நாற்பதும் குடிக்காமல் இருந்துவிட்டு, "பார்த்தியா, நினைச்சா நிறுத்த முடியுது, எனக்கு ஒண்ணும் பிரச்சினை இல்லை" என்று நமக்கு நாமே சான்றிதழ் கொடுத்துக்கொள்வோம். ஆகஸ்ட் கடைசியில் காவி உடுத்தி வேளாங்கண்ணிக்கு நடந்தே போகும் கத்தோலிக்க நண்பர்களிலும் இதைப் பார்த்திருக்கிறேன். கொடியேற்றத்துக்கு நடந்து போய், செப்டம்பர் 8 திருவிழா முடியும்வரை தொடவே மாட்டார்கள். திரும்பி வந்த அன்றே நண்பர்கள் வட்டம் கூடிவிடும்.

நான் இரண்டு ஆண்டு லெந்து காலத்தில் அப்படி இருந்தேன். நாற்பது நாட்களும் உயிர்த்தெழுந்த ஞாயிறை எண்ணிக்கொண்டிருந்தேன். ஆண்டவருக்காக எண்ணவில்லை. அன்று மதியத்தில் என்ன காத்திருக்கிறது என்று எனக்குத் தெரியும். நாற்பது நாள் நிறுத்த முடிகிறதா என்று கேட்காதீர்கள். நாற்பத்தோராம் நாளை எந்த நினைப்போடு எதிர்பார்க்கிறீர்கள் என்று பாருங்கள், அதில் பதில் கிடைக்கும்.

பாவமா, நோயா என்று வாலிபர் கூட்டத்தில் மணிக்கணக்காக வாதம் நடக்கும். எனக்கு இரண்டுமாக இருந்தது. குடிக்க அம்மாவின் பர்ஸில் பணம் எடுத்தது பாவம், அதற்கு மன்னிப்புக் கேட்டேன். கை நடுங்கியது நோய், அதற்கு மாத்திரை சாப்பிட்டேன். இந்த வாதத்தில் அதிக நேரம் செலவழிக்காதீர்கள்.

ஒரே ஒருவரிடம் சொல்லுங்கள்

எல்லாரிடமும் சொல்ல வேண்டாம். ஒருவர் போதும். ஆனால் அவர் குடிக்காதவராக, உங்களைவிட மூத்தவராக, நீங்கள் சொன்னதைக் கேட்டு அதிர்ந்துபோகாதவராக இருக்க வேண்டும். காதலிக்கும் பெண்ணிடமோ பையனிடமோ இந்தச் சுமையை முதலில் இறக்காதீர்கள். அவருக்கு உங்களைக் காப்பாற்றுவதே வேலையாகிவிடும். எப்படிப் பேச்சை எடுப்பது என்று தெரியாவிட்டால் இப்படியே சொல்லுங்கள்: "ஐயா, எனக்குக் குடிப் பழக்கம் இருக்கு. நானாக நிறுத்த முடியலை. அறிவுரை இப்ப வேண்டாம். ஆஸ்பத்திரிக்கு என்கூட வர முடியுமா?" கடைசிக் கேள்வியை விட்டுவிடாதீர்கள். வேலை ஒன்றைக் கொடுத்தால் மனிதர்கள் பிரசங்கம் பண்ணுவது குறையும்.

கத்தோலிக்க மாணவர்களுக்கு ஒரு குறிப்பு. பாவசங்கீர்த்தனத்தில் ஃபாதரிடம் சொல்வது முழு ரகசியம். அதனாலேயே அவர் பிறகு உங்களைப் பார்த்து "எப்படி இருக்கே, குடிச்சியா?" என்று கேட்க முடியாது, அங்கே சொன்னதை வெளியே அவராக எடுக்கக் கூடாது. ஆகவே பாவசங்கீர்த்தனமும் செய்யுங்கள், இன்னொரு நாள் அவர் அறையில் உட்கார்ந்து சாதாரணமாகவும் சொல்லுங்கள். அப்போதுதான் அவர் உங்களைக் கூப்பிட்டு விசாரிக்க முடியும். இது தெரியாமல், "ஃபாதர்கிட்ட சொன்னேன், அவர் கண்டுக்கவே இல்லை" என்று வருத்தப்பட்ட ஒரு தம்பியை எனக்குத் தெரியும்.

ஏ.ஏ. கூட்டம்

ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் என்பதைத்தான் ஏ.ஏ. என்கிறோம். 1935-இல் அமெரிக்காவின் ஆக்ரன் நகரத்தில் இரண்டு குடிநோயாளிகள் ஒருவருக்கொருவர் உதவிக்கொண்டதில் தொடங்கியது. கட்டணம் இல்லை. குடியை விட வேண்டும் என்ற விருப்பம் ஒன்றுதான் சேருவதற்குத் தகுதி. அப்பா பெயர், சாதி, சபை எதுவும் கேட்க மாட்டார்கள். உங்கள் பெயரின் முதல் பாதி போதும். கூட்டம் எங்கே, எந்தக் கிழமை என்பதை மருத்துவமனையின் போதை மீட்புப் பிரிவிலேயே கேளுங்கள், சொல்லுவார்கள். தமிழில் இணையவழிக் கூட்டங்களும் நடக்கின்றன.

முதல் கூட்டத்தில் நமக்கு அந்நியமாகத்தான் இருக்கும். நான் போனபோது என் வயதில் யாரும் இல்லை. அப்பா வயது, தாத்தா வயது ஆட்கள். ஒருவர் லாரி ஓட்டுநர், ஒருவர் ஓய்வுபெற்ற ஆசிரியர், ஒருவர் மீன் வியாபாரி. நான் வாசலுக்குப் பக்கத்து பெஞ்சில், எழுந்து ஓட வசதியாக உட்கார்ந்தேன். என்ன பாவம் பண்ணினாய், எத்தனை நாளாய் என்று கேட்பார்கள் என நினைத்தேன். மீன் வியாபாரி டீ கிளாஸை என் கையில் வைத்துவிட்டு, "மதியம் சாப்டியா தம்பி?" என்றார். சாப்பிடவில்லை. பையிலிருந்து ஒரு பன் பொட்டலத்தை எடுத்துப் பாதியைப் பிய்த்துக் கொடுத்தார். அப்புறம்தான் அவர் கதையைச் சொன்னார்.

எலியா தீர்க்கதரிசி சூரைச்செடியின் கீழ் படுத்து, சாக வேண்டும் என்று கேட்டபோது, தேவதூதன் முதலில் அப்பத்தையும் தண்ணீரையும்தான் கொடுத்தான். தூங்க விட்டு, மறுபடி எழுப்பி மறுபடியும் சாப்பிட வைத்தான். கேள்வி எல்லாம் அதற்குப் பிறகுதான். ஞாயிறு பள்ளியிலிருந்து எத்தனையோ தடவை கேட்ட கதை எனக்கு அந்த பெஞ்சில்தான் புரிந்தது.

குடியிலிருந்து மீள ஒவ்வொன்றாகச் செய்ய வேண்டியதை ஏ.ஏ.வில் பன்னிரண்டு படிகள் என்பார்கள். கிறிஸ்தவ மாணவர்கள் இங்கே ஒரு தடை சொல்வார்கள். "பன்னிரண்டு படிகளில் இயேசு பெயரே இல்லையே, நாம் அறிந்துகொண்ட வண்ணமான கடவுள் என்றுதானே இருக்கு?" உண்மைதான். எல்லா மதத்தவரும், கடவுள் நம்பிக்கை இல்லாதவரும் உள்ளே வர அந்த வாசல் அகலமாகத் திறந்திருக்கிறது. நீங்கள் இயேசுவை அறிந்திருக்கிறீர்கள், அவரிடமே ஜெபியுங்கள். யாரும் தடுக்க மாட்டார்கள். அந்தப் படிகளின் வேர் ஆக்ஸ்ஃபோர்டு குழு என்ற கிறிஸ்தவ இயக்கத்தில் இருக்கிறது. எட் டௌலிங் என்ற இயேசு சபைக் குருவானவர், அவை புனித இஞ்ஞாசியாரின் தியான முறையோடு ஒத்துப்போவதைக் கண்டு வியந்து, 1940-இல் ஏ.ஏ.வைத் தொடங்கிய இருவரில் ஒருவரான பில்லைத் தேடிப் போய்ப் பார்த்தார். பழைய தவறுகளை எழுதி இன்னொருவரிடம் வாய்விட்டுச் சொல்லும் ஐந்தாம் படியைச் செய்யும்போது உங்களுக்கே இது விளங்கும்.

தொண்ணூறு நாளில் தொண்ணூறு கூட்டம் என்று ஆலோசனை சொல்வார்கள். மாணவர்களுக்கு அது பெரும்பாலும் முடியாது. வாரத்துக்கு மூன்று கூட்டம், தினமும் ஒரு போன். அந்தப் போனை எடுத்து உங்களுக்குத் துணைநிற்கும் மூத்த உறுப்பினர்தான் உங்கள் ஸ்பான்சர். என் ஸ்பான்சர் அந்த மீன் வியாபாரிதான். அவர் இந்து, மாசிமகத்துக்குத் தவறாமல் போகிறவர். "உங்க சாமிகிட்ட இன்னைக்குப் பேசிட்டியா?" என்று என்னைத் தினமும் கேட்டவர் அவர்.

மேடை ஏறாதீர்கள்

இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். நான் அதிகம் அடிபட்டது இங்கேதான்.

குடியை விட்ட இருபதாம் நாள். வாலிபர் முகாம். பொறுப்பில் இருந்த ஓர் அண்ணன், என்மேல் உண்மையிலேயே அன்பு வைத்திருந்தவர், "நீ சாட்சி சொன்னா பத்துப் பேர் திருந்துவாங்க" என்றார். நான் ஏறினேன். மைக்கைப் பிடித்த கை அன்று நடுங்கவில்லை, அதையே சாட்சியாகச் சொன்னேன். "கர்த்தர் எனக்குப் பூரண விடுதலை கொடுத்துவிட்டார். இனி என் வாழ்க்கையில் மது இல்லை." எல்லாரும் அல்லேலூயா என்றார்கள். கூட்டத்தில் அம்மா அழுதுகொண்டிருந்தார். அன்றிரவு எனக்கு இருந்த மகிழ்ச்சி பொய்யல்ல.

முப்பத்தோராம் நாள் முள்ளோடையில் இறங்கினேன்.

மேடை ஏறியிருக்காவிட்டால் மறுநாள் காலை ஒருவரிடம் போய் "சறுக்கிட்டேன்" என்று சொல்லியிருப்பேன். இப்போது முந்நூறு பேரிடம் சொல்ல வேண்டியிருந்தது. நான் தோற்றதை மட்டுமல்ல, ஆண்டவர் விடுதலை கொடுத்தார் என்று சொன்னதையும் திரும்பப் பெற வேண்டும் என்று நினைத்தேன். அவர் பெயரைக் கெடுத்துவிட்டேன் என்ற பாரம். ஐந்து மாதம் ஆலயத்துக்குப் போகவில்லை. அந்த ஐந்து மாதமும் அதுவரை குடித்ததைவிட அதிகம் குடித்தேன்.

ஆகவே முதல் ஓராண்டு பொதுச் சாட்சி வேண்டாம். யாராவது வற்புறுத்தினால், "அண்ணா, ஒரு வருஷம் ஆகட்டும், டாக்டர் சொல்லியிருக்கார்" என்று சொல்லுங்கள். (முதலில் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள், அவரும் அதையே சொன்னால் அது பொய்யாகாது.) வாலிபர் குழுவை நடத்துகிறவர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: புதிதாக வந்த பையனுக்கு மைக்கைக் கொடுக்காதீர்கள். பாய் சுருட்ட, நாற்காலி அடுக்க, ஒலிப்பெட்டி தூக்க வேலை கொடுங்கள். கூட்டம் முடிந்து எல்லாரும் போன பிறகும் அவன் உங்களோடு இருப்பான்.

ஒரு நாளை எப்படிக் கட்டுவது

இஸ்ரவேலருக்கு வனாந்தரத்தில் மன்னா அன்றன்றைக்குத்தான் கிடைத்தது. மறுநாளுக்கு எடுத்துவைத்தால் புழுத்துப்போனது. ஏ.ஏ.வில் "இன்று ஒரு நாள் மட்டும்" என்பார்கள். "சாகும்வரை குடிக்க மாட்டேன்" என்ற சத்தியம் இருபது வயதுக்காரனின் தோளுக்குப் பெரிய பாரம். இன்றிரவு படுக்கும்வரை குடிக்க மாட்டேன் என்பது தூக்கக்கூடிய பாரம்.

காலை ஜெபத்தைச் சின்னதாக வையுங்கள். ஒரு மணி நேரம் ஜெபிப்பதாகத் தொடங்கி மூன்றாம் நாளே விட்டுவிடுவதைவிட, பல் துலக்கும்போது "ஆண்டவரே, இன்றைக்கு மட்டும்" என்று சொல்லித் தொடங்குவது நிற்கும். இரவு படுக்கும்போது "நன்றி". மீதி நேரம் வேதம் வாசிக்க மனமிருந்தால் வாசியுங்கள். முதல் மாதத்தில் மனம் ஒரு வசனத்தில் நிற்காது. மூளை இன்னும் தேறிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம், ஆவிக்குரிய வீழ்ச்சி என்று அர்த்தமில்லை. தூக்கமும் சில வாரங்கள் சரியாக வராது.

மாலை ஐந்திலிருந்து எட்டுவரை உள்ள நேரத்துக்கு முன்கூட்டியே திட்டம் போடுங்கள். புதுச்சேரியில் தங்கிப் படிப்பவர்களுக்கு வசதி இருக்கிறது. 1827-இல் தொடங்கிய ரோமன் ரோலண்ட் நூலகத்தில் போய் உட்காரலாம். கடற்கரைச் சாலையில் மாலை ஆறு மணிக்கு வண்டிகளை நிறுத்திவிடுவார்கள். காந்தி சிலையிலிருந்து இரண்டு முனைக்கும் நடந்து திரும்பினாலே உடம்பு அசரும். தனியாக நடக்காதீர்கள், ஒருவரையாவது கூப்பிட்டுக்கொள்ளுங்கள். ரயில் நிலையத்துக்குப் பக்கத்திலுள்ள இருதய ஆண்டவர் பேராலயத்தில் போய்ச் சும்மா உட்கார்ந்துவிட்டு வந்த மாலைகள் எனக்கு உண்டு. நான் லுத்தரன் சபைக்காரன். யாரும் என்னை ஏன் வந்தாய் என்று கேட்டதில்லை.

பசி, கோபம், தனிமை, களைப்பு. குடிக்கத் தோன்றும்போது இந்த நான்கில் எது இருக்கிறது என்று பாருங்கள், பெரும்பாலும் ஒன்று இருக்கும். எனக்குப் பசிதான். கடலைமிட்டாய் இரண்டு எப்போதும் சட்டைப் பையில் இருக்கும். மதுவை விட்டவர்களுக்கு இனிப்பு கேட்பது இயல்பு, முதல் சில மாதம் கொடுங்கள். குடிக்கும் வேட்கை அலை மாதிரி எழுந்து பெரும்பாலும் அரை மணி நேரத்துக்குள் இறங்கிவிடும். அந்த அரை மணி நேரம் யாரோடாவது இருந்தால் போதும்.

பணம். கையில் பஸ் காசு மட்டும் வையுங்கள். போனில் பணம் அனுப்பும் செயலியை மூன்று மாதத்துக்கு நீக்கிவிடுங்கள். கல்லூரிக் கட்டணத்தை அம்மாவோ அக்காவோ கட்டட்டும்.

இனி பேருந்து. மாலையில் புதுச்சேரியிலிருந்து கடலூர் திரும்பும்போது முள்ளோடையில் வண்டி நிற்கும், வாசனையோடு ஆட்கள் ஏறுவார்கள். வேறு வழியில்லை, சாலை அதுதான். நான் செய்தது இது: ஜன்னல் ஓரம் உட்கார மாட்டேன். அரியாங்குப்பம் தாண்டித் தவளக்குப்பம் வந்ததும் ஸ்பான்சருக்குப் போன் போடுவேன். அன்று என்ன மீன் வந்தது, சங்கரா என்ன விலை, எனக்கு எந்தப் பாடத்தில் அரியர் என்று பேசிக்கொண்டே இருப்போம். கன்னியக்கோயில் போகும், முள்ளோடை போகும். பெண்ணையாற்றுப் பாலத்தில் சக்கரம் ஏறும் சத்தம் மாறும், அது அவருக்கும் கேட்கும். "பாலம் வந்துடுச்சா? சரி, வை" என்பார். ஒன்றரை வருடம் இப்படித்தான் வீட்டுக்குப் போனேன்.

பாத்திரம், கேக், டிசம்பர் 31

திருவிருந்துப் பாத்திரத்தில் உண்மையான திராட்சரசம் கொடுக்கும் சபைகள் உண்டு. ஒரு மிடறுதானே என்று நினைக்காதீர்கள், பலருக்கு அந்த வாசனையே போதும். சபைப் போதகரான ஐயரிடம் முன்னதாகச் சொல்லிவிட்டு அப்பத்தை மட்டும் வாங்குங்கள். நான் சொன்னபோது எங்கள் ஐயர் எந்தக் கேள்வியும் கேட்கவில்லை. பாத்திரம் என் அருகே வரும்போது என் தலையில் ஒரு விநாடி கையை வைத்துவிட்டு அடுத்தவரிடம் போனார். கத்தோலிக்கர்களுக்குக் கவலையே வேண்டாம். அப்பத்தில் மட்டும் பெற்றாலும் கிறிஸ்துவை முழுமையாகவே பெறுகிறோம் என்பது திருச்சபையின் போதனை.

கிறிஸ்துமஸுக்கு வீட்டில் போடும் ஒயினும், ரம் ஊற்றி ஊறவைத்த பிளம் கேக்கும் நம் வீடுகளில் சாதாரணம். "இது மருந்து மாதிரி, சாப்பிடுப்பா" என்று பெரியம்மா தட்டை நீட்டுவார். "எனக்கு ஒத்துக்காது பெரியம்மா" போதும், விளக்கம் தர வேண்டாம். கடையில் வாங்கும் சில இருமல் மருந்துகளிலும் மது உண்டு, மருந்துக்கடையில் கேட்டு வாங்குங்கள். கல்யாண வீட்டில் பந்தி முடிந்ததும் கிளம்பிவிடுங்கள். மாடியில் இளைஞர் கூட்டம் கூடும்வரை நிற்காதீர்கள். "கானா ஊர்க் கல்யாணத்தில் இயேசுவே ரசம் கொடுத்தாரே" என்று யாராவது சொன்னால் வாதாடாதீர்கள். அது அவருக்குச் சரியாக இருக்கலாம், உங்களுக்கு நோய் இருக்கிறது.

டிசம்பர் 31 புதுச்சேரியில் கடினமான இரவு. குடிக்கவென்றே வெளியூர்க் கூட்டம் வந்து தெருவை நிறைக்கும். நள்ளிரவு ஆராதனைக்குப் போங்கள். ஆனால் போவதற்கு மட்டும் திட்டம் போட்டுவிட்டு, ஆராதனை முடிந்து வரும் நேரத்தை மறந்துவிடாதீர்கள். வாக்குத்தத்த அட்டையைக் கையில் வாங்கிக்கொண்டு வெளியே வந்ததும் நண்பர்கள் வண்டியில் காத்திருப்பார்கள். யார் வீட்டில் தூங்கப் போகிறீர்கள், யாரோடு போகப் போகிறீர்கள் என்பதை 30-ஆம் தேதியே முடிவு செய்துவிடுங்கள்.

சறுக்கினால்

பலருக்கு நடக்கும். நடந்தால் இருபத்துநாலு மணி நேரத்துக்குள் ஒருவரிடம் சொல்லுங்கள், அவ்வளவுதான். இடைவெளிக்குப் பிறகு பழைய அளவு குடித்தால் உடம்பு தாங்காது என்பதும் நினைவிருக்கட்டும். "பின்மாற்றக்காரன்" என்ற சொல்லை உங்களைப் பற்றி நீங்களே பயன்படுத்தாதீர்கள். பேதுரு மூன்று தரம் மறுதலித்தது கரிநெருப்புக்குப் பக்கத்தில். பிறகு கடற்கரையில் இயேசு அவனுக்காகக் காத்திருந்ததும் கரிநெருப்பு மூட்டி, மீன் சுட்டு வைத்துக்கொண்டுதான். முதலில் சாப்பிடக் கூப்பிட்டார்.

நான் ஐந்து மாதத்துக்குப் பிறகு ஆலயத்துக்குத் திரும்பினேன். கடைசி பெஞ்சில் உட்கார்ந்தேன். முகாமில் என்னை மேடை ஏற்றிய அண்ணன் எழுந்து வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். ஒன்றும் பேசவில்லை, பாட்டுப் புத்தகத்தைப் பாதி என் பக்கம் நகர்த்தினார். குற்றம் இருவர் மேலும் இருந்தது, மன்னிப்பும் இருவருக்கும் தேவைப்பட்டது.

தங்கைகளுக்கு

குடியோ மாத்திரையோ பெண்களுக்கும் வருகிறது. பெண் பிள்ளை என்பதால் சொல்ல இன்னும் பயம். விடுதிக் காப்பாளரிடம் முதலில் போக வேண்டாம். 14416-இல் பேசுங்கள், மருத்துவமனையில் பெண் மருத்துவரைக் கேளுங்கள். ஸ்பான்சராகப் பெண்ணையே தேர்ந்தெடுங்கள். ஆண் ஸ்பான்சர் வேண்டாம். நேரில் பெண்கள் குறைவாக இருந்தால் இணையக் கூட்டங்களில் கிடைப்பார்கள்.

வீட்டில் இருக்கும் அம்மாக்களுக்கு அல்-அனான் என்ற தனிக்குழு உண்டு, குடிநோயாளிகளின் குடும்பத்தாருக்கானது. என் அம்மா மூன்று வருடம் வெள்ளிக்கிழமைகளில் உபவாசம் இருந்தார். அல்-அனானுக்குப் போன பிறகு உபவாசத்தை விடவில்லை; என் பையைச் சோதிப்பதை மட்டும் விட்டார். வீட்டில் எங்கள் இருவருக்கும் மூச்சு வந்தது.

இன்று செய்ய வேண்டியது மிகக் குறைவு. 14446, 14416 இரண்டையும் போனில் பதியுங்கள். கூடவே ஒரு மனிதரின் எண்ணையும் பதியுங்கள். ஐயரோ ஃபாதரோ சித்தப்பாவோ, யார் எடுப்பார் என்று தெரியுமோ அவர். முள்ளோடை வழியாகத்தான் நாளைக்குப் போக வேண்டும் என்றால், தவளக்குப்பத்தில் கூப்பிடுவேன் என்று அவரிடம் இன்றே சொல்லிவையுங்கள்.